மைனஸ் ஒன்றரை

முலுண்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, தாராவியில் எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேசரித் தட்டைக் காலி செய்தார். பிறகு அந்த நெய் விரலாலேயே என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கேட்கவெல்லாம் இல்லை. கத்தரிக்காயில் புழு தேடுவது போலப் புரட்டிப் பார்த்தார். சீ! கண்ணாடி முழுக்க நெய்.

"சஷ்மா, இந்தக் கண்ணாடி, நம்பர் என்னம்மா?"

"மைனஸ் ஒண்ணரை."

"அரே, மைனஸா?" முகம் சுருங்கிவிட்டது. "எங்க பையனுக்குப் பிளஸ் ஆறு. எங்க வீட்ல எல்லாருக்கும் பிளஸ்தான். மைனஸ்னா இல்லாத கணக்குல்லா? நல்ல காரியத்துக்கு அது ஆகாது. கல்யாணத்துக்கு முந்தி லேசர் போட்டு எடுத்துருங்க."

மாப்பிள்ளை தலையாட்டினார். அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் உருண்டையாகத் தெரிந்தன. அவர் ஆட்டியதுகூடப் பரவாயில்லை. என் அப்பாவும் ஆட்டினார்.

"அதுக்கென்ன, போட்டுருவோம்" என்றார்.

பலசரக்குக் கடை வைத்திருக்கிற மனிதர். நூறு கிராம் கூடப் போட்டாலும் குறைத்துப் போட்டாலும் தப்பு ஒரே அளவுதான் என்று என்னிடமே கத்துகிறவர். அந்தப் புத்தி இப்போது எங்கே போய்த் தொலைந்ததோ!

நானே வாயைத் திறந்தேன். "அத்தை, குறையில்லாத கண்ணுக்கு நம்பர் பூஜ்யம். பிளஸ், மைனஸ் எல்லாம் எந்தப் பக்கம் விலகியிருக்குன்னுதான் சொல்லும். எவ்வளவு விலகியிருக்குன்னு தெரியணும்னா அந்தக் குறியை விட்டுட்டு நம்பரை மட்டும் பாக்கணும். நான் ஒண்ணரை தள்ளி நிக்கேன். உங்க பையன் ஆறு தள்ளி நிக்காரு. லேசர் முதல்ல யாருக்குப் போடணும்?"

"யம்மா, என்னா வாய்!" என்று எழுந்தார். "பிளஸைப் போயி மைனஸோட சேக்கியே!"

அவர்கள் போனதும் பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுக் கண்ணாடியைக் கழுவினேன். அப்பா பின்னாலேயே வந்து நின்றார்.

"அவங்க பிளஸ்லா, தாயி. நாமதான் கொஞ்சம் இறங்கிப் போகணும்."

இவ்வளவு சொல்லியும் இதுதான் அவர் மண்டையில் ஏறியது. எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

மறுவாரம் முலுண்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "மைனஸா இருந்தாலும் பரவாயில்ல, நாங்க பெரிய மனசு பண்ணுதோம். லேசருக்கு மட்டும் ஒரு நாள் குறிச்சிருங்க."

அப்பாவின் முகமெல்லாம் சிரிப்பு. ஆணியிலிருந்து காலண்டரை எடுத்து, ராகுகாலம் இல்லாத நேரமாகத் தேட ஆரம்பித்தார், கண்ணாடி போட்டால் சரியாகத் தெரிகிற என் கண்ணை அறுப்பதற்கு.

போனை நான் வாங்கினேன்.

"எங்கண்ணு இப்பிடியே இருக்கட்டும், அத்தை. பிளஸ் ஆறு எங்களுக்கு வேண்டாம். பூஜ்யத்துல இருந்து ரொம்பத் தூரம்."

வைத்துவிட்டு, அப்பாவின் கையிலிருந்து காலண்டரைப் பிடுங்கி ஆணியில் மாட்டினேன்.