பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றுபோகும் ஸ்கூட்டர்

என் சகலை வாட்டர் ஸ்கூட்டர் மெக்கானிக். ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருக்கிறார். இருபத்தெட்டு வருடங்களில் எத்தனையோ ஸ்கூட்டர்களைத் தண்ணீரில் பறக்க விட்டவர், தான் மட்டும் ஒரு நாளும் தண்ணீரில் இறங்கியதில்லை. படித்துறையில் கால் நனைந்தாலே துண்டைத் தேடுவார். படகுக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கரைக் கேப்டன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கேயோ தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தாராம். அவராகச் சொன்னதில்லை, நாங்களும் துருவிக் கேட்டதில்லை.

மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா என்பார்கள். இந்த வீட்டில் குஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை, அப்பன் மீனுக்குத்தான் தண்ணீரைக் கண்டால் ஜுரம். அவருடைய ஒரே மகளை நாங்கள் வாத்து என்று கூப்பிடுவோம். இருபத்து மூன்று வயது. ஏரியின் அக்கரையில் இருக்கும் மீட்புச் சாவடியில் வேலை. குளிக்க வந்து தத்தளிப்பவர்களைப் பழைய ஸ்கூட்டர் ஒன்றில் பாய்ந்து போய்த் தூக்கி வருவாள். அப்பா கரையிலேயே நின்று எட்டிப் பார்ப்பார். அவருக்குத் தெரிவதெல்லாம் தூரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி.

அந்தப் பழைய ஸ்கூட்டர்தான் திடீரென்று மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். நன்றாக ஓடும். பன்னிரண்டு நிமிடம் ஆனதும் சொல்லி வைத்த மாதிரி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஒன்றும் தெரியாத பிள்ளையாகக் கிளம்பும். ஒரு தடவை நடு ஏரியில் நின்றுபோய், வாத்து தண்ணீரில் குதித்து அதைத் தள்ளிக்கொண்டே கரை சேர்ந்தாள். நல்ல வேளையாக அன்று யாரும் மூழ்கவில்லை.

மேலிடத்துக்குச் செய்தி போயிற்று. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். ஓட்டுகிறவரோடு சேர்த்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் ஓட வேண்டும், நடு ஏரியில் மூன்று தடவை நிறுத்தி மூன்று தடவையும் கிளம்ப வேண்டும். தவறினால் சாவடிக்குப் பூட்டு, வாத்துக்கு மாற்றல். மாற்றல் என்றால் ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊர். வீட்டில் யாரும் அழவில்லை. ஆனால் சகலையின் மனைவி இரண்டு நாளாகப் பேசும்போதெல்லாம் பாத்திரமும் சேர்ந்து பேசியது. என் மனைவிக்கு அக்கா அவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் தபால் பிரிக்கிறவன். வார விடுமுறையில் பட்டறைக்குப் போவேன். அங்கே எனக்கு ஒரே உத்தியோகம், குழாய் திறந்து மூடுவது. ஸ்கூட்டரைத் தண்ணீருக்கு வெளியே ஸ்டாண்டில் வைத்து ஓட்டும்போது, எஞ்சின் சூடாகாமல் இருக்க ரப்பர் குழாயில் தண்ணீர் விட வேண்டும். முதலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் குழாயை மூடி, பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் எஞ்சின் வயிற்றுக்குள் தண்ணீர் போய்விடும். நான் ஒரு தடவை மாற்றிச் செய்திருக்கிறேன். அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் குழாயைத் தொடும்போதெல்லாம் சகலை என் கையையே பார்ப்பார்.

அந்த வாரம் முழுக்க லீவு போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை போனபோது மூன்றாவது ஜோடி ஸ்பார்க் ப்ளக்கை மாற்றிக்கொண்டிருந்தார். பழைய ப்ளக்குகள் நான்கும் ஒரு துணியில் அளவெடுத்த மாதிரி வரிசையாகக் கிடந்தன. அவர் சுத்தம் அப்படி. ஸ்பேனர்கள் உயர வரிசையில் தொங்கும், டீ டம்ளருக்குக்கூட மேசையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அந்த வட்டத்தை விட்டு டம்ளரை ஒரு விரற்கடை தள்ளி வைத்தால் பேச்சை நிறுத்திவிட்டு நகர்த்துவார்.

"ஸ்டார்டர் எப்படிச் சுத்துது பாருங்க சகலை. பேட்டரி மேல பழி போட முடியாது" என்றார். "ஆனா நிக்கும்போது ரெண்டு ப்ளக்குலயும் நெருப்புப் பொறி இல்லன்னு வாத்து சொல்றா. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படிச் சாகும்? இரட்டைப் புள்ளைங்களுக்குக்கூட ஒரே நிமிஷத்துல காய்ச்சல் வராது. ரெண்டுக்கும் பொதுவா எதோ ஒண்ணு கையை விரிக்குது."

பொதுவான சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தார். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆள் விழுந்தால் கயிறு உருவிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அந்த ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தாயிற்று. பொறிக்கு மின்சாரம் அனுப்பும் காயிலை மீட்டர் வைத்து அளந்தாயிற்று. எல்லாம் சரி. ஸ்டாண்டில் ஓட்டினார், நான் குழாயைத் திறந்தேன், ஐந்து நிமிடம் தேனாக ஓடியது. ஸ்டாண்டில் அதற்கு மேல் ஓட்டக் கூடாது, அடியில் இருக்கும் பம்ப் காய்ந்து தேய்ந்துவிடும். குழாயை மூடினேன், அவர் என் கையைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

சாப்பாட்டுக் கூடையோடு வந்த அக்கா இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வண்டிக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு. ரெண்டும் நின்ன இடத்துல நல்லாத்தான் ஓடுது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சகலை சிரிக்கவில்லை. கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்போதுதான் பணி முடித்து வந்த வாத்து, ஈரத் தலையோடு வாசலில் நின்று சொன்னாள்: "அம்மா சரியாத்தான் சொல்றாங்க. அது தண்ணிலதானே நிக்குது. தண்ணில வந்து பாருங்கப்பா."

சகலைக்கு முகத்தில் வேர்த்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நான் வேணா போறேன்" என்றேன். "நீங்க போய் எதைப் பார்ப்பீங்க? அங்க குழாய் இல்ல" என்றார்.

மறுநாள் காலையில் அவர் உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் இன்னொன்றையும் போட்டுக்கொண்டார். மூச்சு விட முடியவில்லை என்றதும் ஒன்றைக் கழற்ற வைத்தோம். வாத்து முன்னால் உட்கார, அவர் பின்னால் ஏறி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார். கண்ணை மூடியிருந்ததைக் கரையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். கழுத்தில் ஒரு பையில் இரண்டு ஸ்பேனரும், இரு முனையிலும் கிளிப் வைத்த ஒரு முழ ஒயரும் இருந்தன.

ஏரி அன்று அசையாமல் கிடந்தது. சரியாகப் பன்னிரண்டாவது நிமிடத்தில் சத்தம் நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே நடந்ததை வாத்து அப்புறம் சொன்னாள். எஞ்சின் நின்ற அந்த நொடியில் அப்பா கண்ணைத் திறந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அவருக்குத் தண்ணீர் ஞாபகமே இல்லை. சீட்டைத் தூக்கி, ஒயரின் ஒரு முனையைக் காயில் பெட்டியிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் ஒயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மாட்டி, "இப்ப தட்டு" என்றாராம். தட்டியதும் கிளம்பிவிட்டது. ஒயரை எடுத்தார், நின்றது. மாட்டினார், கிளம்பியது.

கரைக்கு வந்ததும் ஈரம் துடைக்கக்கூட நிற்காமல் பட்டறைக்குள் போனார். எஞ்சினோடு அந்த எர்த் ஒயரை முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். ஒயரின் நுனிக்கு அடியில், எஞ்சின் உடம்பின் மேல், வெள்ளை வெளேரென்று பெயிண்ட். அதைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

போன சீசன் முடிந்ததும் அவர்தான் அடித்தது. எஞ்சின் பழசாகத் தெரிகிறதே என்று ஒரு மூலை விடாமல் பளபளவென்று அடித்துவிட்டு, பெயிண்டின் மேலேயே ஒயரை வைத்து முடுக்கியிருக்கிறார். எர்த் வெறும் இரும்பைத் தொட வேண்டும். குளிர்ந்திருக்கும்போது போல்ட்டின் மரை வழியாக எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது, எஞ்சின் நன்றாகச் சூடானதும் விட்டுவிட்டது. வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே விட்டிருப்பான், வண்டியும் ஓடியிருக்கும்.

"நானே சூனியம் வச்சுக்கிட்டேன் சகலை" என்றார். உப்புத்தாளை எடுத்து இரும்பு தெரியும்வரை தேய்த்தார். அரை ரூபாய் அளவு இடம்தான். அதையும் சரியான வட்டமாகவே தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்க நேரமில்லாத அம்மா. பழுதுப் புத்தகத்தைக் கேட்டார். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாப் பட்டறைக்காரர்களும் அங்கே ஈரம், துரு, வண்டியின் வயது என்று எழுதுவார்கள். சகலையும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார். இந்தத் தடவை, "மெக்கானிக் அடித்த பெயிண்ட்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த அம்மா அதை இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுதாமலே விட்டிருக்கலாமே" என்றார்.

"அடுத்து வர்றவன் எங்க தேடுவான் மேடம்?"

அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "ரெண்டாவது ஆள் யாரு?" என்றார். நான்தான் என்று முடிவாகியிருந்தது; உடுப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டேன். சகலை வந்து என் வாரைக் கழற்றினார். "நீங்க கரையில இருங்க" என்றார். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே ஒற்றை உடுப்போடு ஏறினார்.

பத்து நிமிடம். பதினொன்று. அக்கா கடிகாரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பன்னிரண்டும் போயிற்று, சத்தம் அப்படியே இருந்தது. நடு ஏரியில் மூன்று தடவை நின்று மூன்று தடவையும் கிளம்பினார்கள். அரை மணியில் மேற்பார்வையாளர் ஏதோ எழுதிவிட்டுத் தலையாட்டினார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஸ்கூட்டர் கரைக்குத் திரும்பவில்லை. அக்கரைப் பக்கமாக வளைந்து, சாவடியைச் சுற்றி, இன்னொரு பெரிய வட்டம் போட்டது.

வந்து இறங்கியதும் வாத்து, "நான் திரும்பலாம்னுதான் சொன்னேன். அப்பாதான் இன்னொரு சுத்து போகச் சொன்னாரு" என்றாள்.

"பன்னிரண்டு நிமிஷம் தாண்டியும் சந்தேகமா?" என்று நான் சகலையைக் கேட்டேன்.

அவர் முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். துண்டு கேட்கவில்லை.

"வண்டியில சந்தேகம் இல்ல சகலை" என்றார். "இவ தண்ணில எப்படி இருப்பான்னு நான் இத்தனை வருஷமா கிட்ட இருந்து பார்த்ததே இல்ல."