எதிர்ச்சரிவில் புகை

மலையூரில் பெர்ன்ஹில் சரிவில் இருந்த எங்கள் பழைய வீட்டுப் புகைபோக்கியிலிருந்து மாலையில் எழுந்த புகை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. முதலில் மெல்லிசாகவும், கற்பூர மரக்கட்டை பற்றிக்கொண்டதும் கொத்தாகவும் எழுந்து மூடுபனியோடு கலந்துவிடும். கணப்பில் தீ மூட்டுவது அப்பாவின் வேலை. அவர் போனபின் அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஏற்றம் ஒத்துவரவில்லை. பழைய வீடு ஜன்னலிலிருந்தே தெரியும் எதிர்ச்சரிவில் வாடகைக்கு வந்தோம். பழைய வீட்டை விற்க ஒரு புரோக்கரிடம் சாவியைக் கொடுத்தோம்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒழுகும் கூரையைக் காட்டி, "தண்ணிப் பஞ்சமே வராதுங்க" என்று சொல்லக்கூடியவர். கதவைத் திறந்து காட்டுவதற்கு இரண்டு பக்கமும் கமிஷனா என்று எனக்கு எரிச்சல். குறைக்கச் சொன்னால் காது கேட்காது. ஆனால் மலையில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒரு மழைக்காலம் தாங்காது, சுவரெல்லாம் பூஞ்சை ஏறிவிடும். அதனால் தினமும் மாலையில் போய் ஜன்னலைத் திறந்து, கணப்பில் தீ போட்டுவிட்டு வருவார். விற்கிற சரக்கு வாடக்கூடாதே!

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்க வந்தார். இரண்டு வீட்டுச் செலவை என் சம்பளம் தாங்காத நேரம். அம்மாவோ கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள்.

"சாயங்காலமானா அங்க புகை வருதுங்க. அவரு ஊட்டுலயே இருக்கற மாதிரி இருக்குது. எப்பிடிங்க விக்கறது?"

புரோக்கர் தயங்கினார். "அம்மா, அது நான் போடற தீயுங்க."

"அது எனக்குத் தெரியாதுங்களா? வித்துட்டா அதும் நின்னு போகுமில்லீங்க."

அவர் கம்பளிக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "நிக்காதுங்கம்மா. வாங்கறவங்ககிட்ட நான் சொல்லிப்போடறேன்."

அம்மா கையெழுத்திட்டாள். புரோக்கர் வாக்குத்தானே என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். ஆனால் புகை நிற்கவில்லை. காவலாள் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அம்மா காப்பி டம்ளரோடு ஜன்னலருகே உட்கார்ந்து, "பத்த வெச்சுட்டாரு" என்பாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

சில வருடங்களில் அம்மாவும் போய்விட்டாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய மாலை எதிர்ச்சரிவைப் பார்த்தேன். புகை இல்லை. மறுநாளும் இல்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

அடுத்த மே மாதம் கோயம்புத்தூர்க்காரரைக் கடைவீதியில் பார்த்தபோது, இப்போது ஏன் தீ மூட்டுவதில்லை என்று கேட்டேன். அவர் விழித்தார்.

"நாங்க கோடையில மட்டுந்தானுங்க வருவோம். மத்த நாளெல்லாம் சாவி புரோக்கர்கிட்டத்தான். சுவரு கெடாம பாத்துக்கறேன்னு அவரே கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டாரு. கூலி குடுத்தாலும் வேண்டாம்னுட்டாரு. உங்கம்மா போனப்பறம் சாவியத் திருப்பிக் குடுத்துட்டாருங்க."

இப்போது புரோக்கரும் இல்லை. வீடு விடுதியாகிவிட்டது. புகைபோக்கியைச் சிமெண்டு பூசி அடைத்துவிட்டார்கள். இந்தப் புரோக்கர்கள் என்ன வேலை செய்து கமிஷன் வாங்குகிறார்கள் என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

போன வாரம் மூடுபனி இறங்கும் நேரம், அம்மாவின் ஜன்னலருகே காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். "இன்னும் பத்த வெக்கலியே" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது.

"யாரு?" என்றாள் என் மகள்.

அப்பாவைச் சொன்னேனா, புரோக்கரைச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.