பேனைத் தின்னும் பேன்

கடையில் பிளாஸ்ரிக் பையில் விற்கும் கறிவேப்பிலைக்கு வாசம் இல்லை. இருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் கதைப்பதில்லை. டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்ற் பல்கனிக் கண்ணாடியோரம், பழைய பெயின்ற் வாளியில், என் உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை மரம் நிற்பது அதனால்தான்.

போன வின்ரரில் அதில் சிலந்திப்பேன் பிடித்தது. ஹீற்றர் காற்றில் வீடு காய்ந்தால் இந்தச் சனியன்களுக்குக் கொண்டாட்டம். இலைக்கு அடியில் தூள் மாதிரி ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சும். இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகும். பிறகு கொப்புகளுக்கு நடுவே வலை கட்டும். சவர்க்காரத் தண்ணீர் அடித்தேன். ஷவருக்குத் தூக்கிப் போய்க் கழுவினேன். முதுகு பிடித்ததுதான் மிச்சம்.

“உது என்ர மல்லிகையிலயும் ஏறிட்டுது,” என்றாள் மனைவி. “ஈஸ்ரருக்கு பிக்கரிங்கில இருக்கிற எங்கட ஆக்கள் வருவினம். அதுக்குள்ள சரிவராட்டி மரத்தை இழுத்துக்கொண்டுபோய்க் குப்பை அறையில வைச்சிடுவன்.”

அவள் சும்மா சொல்பவள் இல்லை. என் பழைய சோபாவுக்கு நடந்தது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் சிலந்திப்பேனைத் தின்னும் வேறு ஒரு பேனைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரவழைத்தேன்.

“வீட்டில இருக்கிற பேன் காணாதெண்டோ?”

“உது மனிசரைக் கடிக்காது. செடியையும் தொடாது. மற்றப் பேனைத்தான் தின்னும்.”

“ஆர் சொன்னது? பேனோ?”

போத்தலை இலைகளில் தட்டிக் கொட்டினேன். பூதக்கண்ணாடியால் பார்த்தால் செம்மஞ்சள் நிறம், நல்ல ஓட்டம். சிலந்திப்பேன் அசமந்தம். இது ஓடிப் போய்ப் பிடித்து, உறிஞ்சி, வெறும் தோலை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். ஹொக்கி பார்ப்பவர்கள் ஏன் கத்துகிறார்கள் என்று தரையில் படுத்துக்கிடந்த எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

எதிர்வீட்டில் ஒரு அன்ரி. எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று அவரிடம் இருக்கும். தினமும் கதவைத் திறந்து வந்து என் மரத்தில் இலையோடு ஒரு நெட்டு முறித்துக்கொண்டு போவார். அவரிடமும் ஒரு கன்று உண்டு, நான் கொடுத்ததுதான். அது வளரட்டும் என்று அதில் கை வைக்கமாட்டார். என்னுடையதைத்தான் மொட்டையடிப்பார்.

ஒரு நாள் வேலையால் வந்தால் மரம் பளபளவென்று நிற்கிறது. வீடெல்லாம் வேப்பெண்ணெய் மணம். நேரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“அன்ரி, மரத்துக்கு என்ன செய்தனீங்கள்?”

“இலைக்குக் கீழ செம்மஞ்சளா ஏதோ ஓடித் திரிஞ்சுது தம்பி. பாவம், வேலைக்குப் போற மனிசன் எண்டு நானே எண்ணெய் அடிச்சு விட்டனான்.”

“அது நான் விட்டது!”

“பூச்சியை ஆராவது வீட்டுக்குள்ள விடுவினமோ?”

நான் கத்தியது லிப்ற் வரைக்கும் கேட்டிருக்கும். என் வேட்டைப்பேன்கள் எண்ணெயில் ஒட்டிச் செத்துக் கிடந்தன. வலைக்குள் இருந்த சிலந்திப்பேன்களோ இரண்டொரு நாளில் மறுபடி உலாவத் தொடங்கின. புதுப் போத்தல் வர ஈஸ்ரர் கழியும் என்றார் விற்பவர்.

அன்ரி சமாதானத்துக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்தனுப்பினார். கோபத்தோடுதான் சாப்பிட்டேன். மிச்சம் வைக்கவில்லை. சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் குசினியில் இடியப்பம் அவிந்துகொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் ஆவி. ஜன்னலோரம் அவர் கன்று. அதை ஒட்டினாற்போல், தண்ணீர்க் கிளாசில் என் மரத்து நெட்டுகள்.

கன்றின் அடி இலைகளில் பழைய புள்ளிகள். மேல் இலைகள் பச்சைப் பசேல். பொக்கற்றில் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். செம்மஞ்சளாய் ஓடின.

“உயிரோட நிக்குது!” என்று கத்தினேன். அன்ரி இடியப்பத் தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

எண்ணெய் அடிக்க முதலே அவர் முறித்த நெட்டுகளில் ஏறி வந்து, கிளாசில் இருந்து கன்றுக்கு நடந்திருக்கின்றன. அவற்றுக்கு ஈரக்காற்று வேண்டும். அது இந்தக் குசினியில்தான் தாராளமாய்க் கிடைத்திருக்கிறது.

“அன்ரி, ஒரு நெட்டு தாங்கோ.”

“என்ர கன்றிலயோ? அது இப்பத்தான் துளிர்க்குது. வேணுமெண்டால் உம்மட மரத்தில முறியும்.”

கெஞ்சிக் கெஞ்சி நாலு நெட்டு வாங்கினேன். மரத்தின் இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, அந்த நெட்டுகளைக் கொப்புகளில் கட்டினேன். மனைவி, ஆவி படட்டும் என்று, ரைஸ் குக்கரை மரத்தடிக்கு நகர்த்தி வைத்தாள்.

ஈஸ்ரருக்கு முதல்நாள் பூதக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு தரையில் படுத்தாள். ஒவ்வொரு இலையாய்த் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தா, பிடிச்சிட்டுது!”

மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அன்ரி இன்னமும் வந்து முறிக்கிறார். இப்போது நானே இன்னொன்று முறித்துக் கையில் திணித்துவிடுகிறேன்.