பெஞ்சு நீச்சலும் கிணற்று நீச்சலும்

என் மகள் முதலில் நீச்சல் படித்தது எங்கள் வீட்டு பெஞ்சில். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். குப்புறப் படுக்கவைத்து, கையை நீட்டு, தண்ணீரை விலக்கு, காலை உதை என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லுவேன். அவளும் திருப்பிச் சொல்லிக்கொண்டே செய்வாள். கொஞ்ச நாளிலேயே பிசகில்லாமல் நீந்தினாள். பெஞ்சு மட்டும் நகரவில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. புதுக்கோட்டை டவுனில் படித்து, தாசில் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். கச்சேரிக்குள் தண்ணீர் வந்ததில்லை என்பதால் அதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் மனைவியின் ஊரிலேயே குடியிருந்து, சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தேன். மகள் பிறந்தபோது எனக்கு நாற்பதை நெருங்கிவிட்டது. அவளுக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. ஆகவே அவள் இருமினால் நான் எழுந்து உட்காருவேன்.

பள்ளிக்கூடத்துக்கு வழி கண்மாய்க் கரை மேல்தான். ஐப்பசியில் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால், பிள்ளைகள் அந்த ஓட்டத்தில் இறங்கித்தான் கடக்க வேண்டும். யுத்தம் ஆரம்பித்த வருஷத்து மழையில் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒன்று அதில் போய்விட்டது. இனி மழைக்காலத்தில் என் மகள் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை என்று நான் தீர்மானித்தேன். என் மனைவி வேறு மாதிரி தீர்மானித்தாள்.

"மழைக்கு மழை வீட்டுல வச்சுப் பூட்டுவீங்களா? பாதிப் படிப்பு போயிருமே. நீந்தப் பழகிட்டுப் போகட்டுங்க."

"பழகட்டும். முதலில் முறை தெரியணும்" என்றேன். அதற்குத்தான் பெஞ்சு.

பிறகு ஒரு நாள் எங்கள் வயல் கிணற்றில் அவளை இறக்கினார்கள். தண்ணீர் இறைக்கும் கமலை மாடுகளை அவிழ்த்த பிறகு அந்தக் கிணறு பிள்ளைகளுடையது. மகள் படிக்கல்லை விட்டாள், "கையை நீட்டு" என்றாள், "தண்ணியை வெலக்கு" என்று ஆரம்பிக்கும்போது உள்ளே போய்விட்டாள். மனைவி தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள். இருமி முடித்ததும் மகள் என்னைப் பார்த்து, "அப்பா, பெஞ்சியில தண்ணி இல்லையே" என்றாள். குற்றம் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள்.

அதன் பிறகு பாடம் என் மனைவி கைக்குப் போயிற்று. எங்கள் தெருவுக்கென்று காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்று உண்டு. முதுகில் கட்டினால் பிள்ளையை மிதக்கவைக்கும். ஒரு பிள்ளை பழகி முடித்ததும் அது அடுத்த வீட்டுக்குப் போகும். அதை மகள் முதுகில் கட்டிவிட்டு, மனைவி வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கினாள். சில நாளில் உள்ளங்கை போய் விரல்களாயிற்று. பிறகு விரல்களும் போயின. எப்போது எடுத்தாள் என்று மகளுக்குத் தெரியாது. அவள் கண் முழுக்க உரிக்காத தேங்காய் ஒன்றின் மேல் இருந்தது. பிள்ளைகள் அதைத் தண்ணீரில் வீசி யார் முதலில் பிடிப்பது என்று விளையாடுவார்கள்.

"இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய்?" என்று மாலையில் மனைவியைக் கேட்பேன்.

"ஒண்ணும் சொல்லலைங்க. தேங்காயைத் தொட்டுட்டா."

கச்சேரியில் இப்படி ஒரு பதில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் குடுக்கையை மாடு மிதித்து உடைத்திருந்தது. மனைவி களையெடுக்கப் போயிருந்தாள். கிணற்றிலிருந்து பிள்ளைகள் கூப்பிடும் சத்தம் கேட்டது. மகள் பரணில் ஏறி, உடைந்ததைவிடப் பெரிய குடுக்கை ஒன்றை எடுத்துவந்து, "இதைக் கட்டிவிடுங்கப்பா" என்றாள். நான் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. குலுக்கினேன். உள்ளே கலகலத்தது. எல்லாக் குடுக்கையும் உள்ளே விதை காய்ந்து கலகலக்கும். கழுத்தில் சாணி அப்பியிருந்தது. பரணில் இருந்த அழுக்கு என்று நினைத்தேன். கிணற்றடியில் வைத்துக் கட்டினேன். பைல் கட்டிப் பழகிய கை. முடிச்சு பலமாகவே விழுந்தது.

உள்ளே நீந்திக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பெண், நன்றாக நீந்தத் தெரிந்தவள், அண்ணாந்து பார்த்தாள். "என்ன மாமா, குடுக்கை இம்புட்டுப் பெருசு? ஒங்களுக்கும் சேத்தா?"

தேங்காயை எதிர்ச் சுவர்ப் பக்கம் வீசினார்கள். மகள் அதைத் துரத்திப் போனாள். நடுக்கிணற்றைத் தாண்டும்போது அவளுக்குப் பின்னால் தண்ணீரில் சாம்பல் நிறமாக ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் அந்தக் கோட்டில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ மிதந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுக்கை முதுகின் மேலிருந்து கீழிறங்கி, தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

கத்துவதற்காக வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் வாயை மூடியது. புல் வாசனை அடித்தது. கைகால் கழுவ வந்த மனைவி.

"கத்தாதீங்க. அது சாம்பல்ல வெதை போட்டு வச்ச குடுக்கை. வாயடச்ச சாணி கரைஞ்சுபோச்சு" என்று காதுக்குள் சொன்னாள். "இப்ப அவளுக்குக் குடுக்கை இல்லைன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தான் முங்குவா."

கையை எடுத்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கித் தண்ணீருக்குள் போய் அவளுக்குக் கொஞ்ச தூரத்தில் மிதந்துகொண்டிருந்தாள். தொடவில்லை. நான் மேலே நின்றேன். என் வேலை சும்மா இருப்பது. அதைவிடக் கடினமான வேலையைச் சமஸ்தானத்தில் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

மகள் எதிர்ச் சுவர்வரை போனாள். அடுத்த வீட்டுப் பெண்ணை, "போடி கள்ளி, நான்தான் மொதல்ல தொட்டேன்" என்று வைதாள். தேங்காயை ஒரு கையால் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாள். அவள் படிக்கல்லைப் பிடித்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

"பாத்தியா ஆத்தா! பெரிய குடுக்கைன்னா தானா தூக்குது!"

"ஆமா தாயி, தூக்கும்" என்று அவள் தாய், குடுக்கையை அவிழ்த்து உள்ளிருந்த தண்ணீரை யாரும் பார்க்காமல் கொட்டினாள். பிறகு என்னிடம், "பீர்க்கு வெதை பூராம் போச்சு. இந்த வருசம் கெணத்துக்குள்ளதான் பந்தல் போடணும்" என்றாள்.

சாப்பிடும்போது, அவளிடம் சொல்லிவிடலாமா என்று மனைவியைக் கேட்டேன்.

"வேணாங்க. அவளா அவுக்கட்டும்."

மறுநாள் முதல் அதே குடுக்கையை வாயைத் திறந்தே கட்டி இறக்கினாள். இறங்கியதும் அதில் தண்ணீர் நிரம்பிவிடும். மகள் அதை நம்பி நீந்துவாள். அதை நம்பாத நான், துண்டைக் கடித்துக்கொண்டு கிணற்றடியில் நிற்பேன். கச்சேரிக்குத் தினமும் நேரம் தப்பியது.

ஒரு நாள் மகள் பாதியில் படிக்குத் திரும்பி, "இது பின்னால இழுக்குதுப்பா. அவுத்து விடுங்க" என்றாள். அன்றைக்கு நான் கட்டிய முடிச்சு. அவிழவில்லை. அவள் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுக் குதித்தாள்.

ஐப்பசியில் கலிங்கு வழிந்தது. மகள் சிலேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் கிளம்பினாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு சற்றுப் பின்னால் போனேன். நீந்தக் கற்றபின் பயமறியாமல் இறங்கிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். முந்தின வருஷம் நடு ஓட்டத்தில் ஓடி இறங்கப் பார்த்தவள், இப்போது கரையிலேயே நின்று தண்ணீரைப் பார்த்தாள். காலால் தடவி, ஓட்டம் குறைந்த ஓரத்தைக் கண்டுபிடித்தாள். சின்னப் பிள்ளைகளைக் கைகோத்து வரச்சொல்லி அழைத்துப் போனாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

அக்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தவள் கண்ணில் நான் பட்டுவிட்டேன்.

"அப்பா, கச்சேரி அங்கிட்டுல்ல இருக்கு?"

ஆமாம் என்று சைக்கிளைத் திருப்பினேன். ஏன் தாமதம் என்று கச்சேரியில் கேட்டார்கள். மழை என்றேன்.