பக்கத்தில் இருக்கிற கெம்பஸ்

அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தோட்டம் ஒன்றில் வீரசிங்கம்தான் தலைவர். சங்கத்துக்கும் அவர்தான், கோயில் கமிட்டிக்கும் அவர்தான், சாவு வீட்டில் கூடாரம் கட்டவும் அவர்தான் வரவேண்டும். ஆனால் அவர் உயிரைக் கொடுத்துச் செய்கிற வேலை வேறொன்று. யார் வீட்டுப் பிள்ளையாவது கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டுவிட்டால் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது. தொழிலாளர் குடியிருக்கும் லயமே திரண்டு, மேளம் அடித்து, பிள்ளையை அப்புத்தளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், மாலை போட்டுக் கொழும்புப் பக்கம் போகிற ரயிலில் ஏற்றிவிடும். போன வருஷம் கிருஷ்ணராஜின் மகன் ரமேஸ் பேராதனைக்குப் போனபோது, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் வீரசிங்கம்.

அந்தத் தோட்டத்தில் கெம்பஸுகளை எடைபோட ஒரு கணக்கு இருந்தது. பாடம், பட்டம் எல்லாம் அதில் ஏறாது. எவ்வளவு தூரம், எத்தனை பஸ் மாறவேண்டும், அவ்வளவுதான். யாழ்ப்பாணம் என்றால் வாயைப் பிளப்பார்கள். மொறட்டுவை என்றால் மெச்சுவார்கள். பேராதனைக்கு ரயிலிலேயே போகலாம் என்றாலும் மலை இறங்கிப் போவதால் மரியாதை உண்டு. பதுளை? அது ஆஸ்பத்திரிக்கும், அரசாங்க அலுவலுக்குக் கச்சேரிக்கும் போகிற ஊர். பல்லுப் பிடுங்கப் போகிற இடத்தில் என்ன பெரிய கெம்பஸ் இருந்துவிடப் போகிறது?

அவருடைய மகள் யசோதினிக்குக் கிடைத்தது பதுளை.

"இன்னொரு தடவை பரீட்சை எழுதும்மா. ஒனக்கு இருக்கிற மூளைக்குப் பேராதனை கெடைக்காமப் போகுமா?" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"நான் தேயிலையப் பத்திப் படிக்கணும்ப்பா. கேட்டுத்தான் அப்ளிகேஷன் போட்டேன். அது அங்கதான் இருக்கு."

"தேயிலையப் படிக்க எதுக்குடி கெம்பஸு? நாலு தலைமுறையா நாம படிச்சது பத்தாதா?"

அவள் மசியவில்லை. அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். போனில் அவளும் மகள் பக்கமே பேசினாள். வீரசிங்கம் தனித்துப்போனார். கிருஷ்ணராஜ் முகத்தில் எப்படி முழிப்பது? பதுளை பஸ்ஸுக்கு மேளம் அடித்தால் ரோட்டில் போகிறவன்கூடச் சிரிப்பானே. கடைசியில் அவர் செய்த காரியம், வேறு எந்த ஊர்த் தகப்பனும் செய்யாத காரியம். மகளுக்கு வயிற்றுவலி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறேன் என்று லயத்தில் சொல்லிவிட்டார்.

தலையணை, போர்வை, வாளி, தட்டு, கோப்பை. ஹொஸ்டலுக்கு வேண்டியதும் வார்டுக்கு வேண்டியதும் ஒன்றாகவே இருந்தது அவருக்கு நல்ல வசதியாகப் போயிற்று. பக்கத்து வீட்டு இராக்கம்மா வாளியை வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "பயப்படாதடி, ஊசி போட்டா சரியாயிரும்" என்று யசோதினியின் கன்னத்தைத் தடவினாள்.

பஸ் தெமோதரையைத் தாண்டியது. யசோதினி அப்பா பக்கம் திரும்பி, "மேளமெல்லாம் வேணாம்ப்பா. எம் மக கெம்பஸ் போறான்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். வீரசிங்கம் காலடியில் ஆடிய வாளியைப் பிடித்துச் சரியாக வைத்தார்.

பதுளையில் இறங்கி, திரீவீலர் பிடித்து மேலே ஏறினார்கள். கெம்பஸ் கேட்டுக்குள் காலை வைத்ததும் அவர் நின்றுவிட்டார். மலைச்சரிவு முழுக்கக் கட்டடம். ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. இத்தனை வருஷமாகப் பதுளைக்கு வந்து போகிறவர், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் தலையைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. உள்ளே நடக்க நடக்க நாடே அங்கே வந்து நின்றது. மாத்தறைக் குடும்பம், கல்முனைக் குடும்பம், எல்லார் கையிலும் தலையணையும் வாளியும்.

புதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு பெரிய அறைக்குள் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியே இருந்தது. கொழுந்து அரைக்கும் ரோலர், காயவைக்கும் அடுப்பு, சலிக்கும் மெஷின் எல்லாமே இருந்தன, ஆனால் எல்லாம் இடுப்பு உயரத்துக்குள். ஒரு மேசையில் ருசி பார்க்க வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. வீரசிங்கம் இருபது வருஷமாகத் தோட்டத்து ஃபேக்டரியில் ரோலர் பக்கத்தில் நின்று வேலை செய்பவர். அதன் குட்டியைக் கண்டதும் கை தானாகப் போய்த் தொட்டது. இதைப் படிக்க நாலு வருஷம் என்றார் விரிவுரையாளர். நாலு வருஷமா? தான் தினம் எண்ணெய் போட்டுத் துடைக்கிற சாமானுக்கு நாலு வருஷப் படிப்பு இருக்கிறதா?

பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர் மகனோடு நின்றார். கனகசுந்தரம், யாழ்ப்பாணத்தில் பள்ளி அதிபர். இரவு முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது.

"யாழ்ப்பாணத்துலயே பெரிய கெம்பஸு இருக்குங்களே. அதை விட்டுட்டு இங்கயா வந்தீங்க?" என்று வீரசிங்கம் கேட்டார்.

"எங்கட சனமும் அதைத்தான் கேட்டது, அண்ணை. பெடியன் தேயிலை படிக்கப் போறன் எண்டு ஒற்றைக் காலில நிண்டவன். அதுக்கு இஞ்சதானே வரவேணும்? சரியான தூரம்தான். ஆனா வந்து பார்த்தாப் பிறகு மனசுக்கு நிறைவாக் கிடக்கு."

சரியான தூரம். ரொம்பத் தூரம் என்பதை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள்; வீரசிங்கம் அந்தச் சொல்லை மனசுக்குள் உருட்டினார். தோட்டத்துக் கணக்கை யாழ்ப்பாணத்திலிருந்து போட்டுப் பார்த்தால், பேராதனை எல்லாம் வழியில் வந்துபோகிற இடம். பதுளைதான் மலையுச்சி. அட கடவுளே, இதையா வாளிக்குள் மறைத்து எடுத்து வந்தோம் என்று கூனிப்போனார்.

அப்போதுதான் போன் அடித்தது. கிருஷ்ணராஜ்.

"தலைவரே, எந்த வார்டு? நாங்க வேன் புடிச்சு எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். எங்க தேடியும் புள்ளையக் காணோம். இராக்கம்மா அழுவுது."

ஒரு பொய் சொல்லிச் சமாளிக்க வழி இருந்தது. அவர் மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "பசறை ரோட்டுல மேல ஏறி வாங்க. கேட்டுல நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

வேன் வந்தது. பதினைந்து பேராவது இருப்பார்கள், அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். இறங்கியவர்கள் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இராக்கம்மா மட்டும் எதையும் பார்க்கவில்லை. ஒரு கையில் ஹோர்லிக்ஸ் போத்தலோடு ஓடிவந்து யசோதினியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கடி வலிக்குது?"

யசோதினி அப்பாவைப் பார்த்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் வீரசிங்கம். "பதுளைன்னு சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். புத்தி கெட்ட வேலை. யாழ்ப்பாணத்துல இருந்து விடிய விடிய பஸ்ல வந்து சேர்ற எடம் இது. எம் மக இங்கதான் படிக்கப் போறா."

கிருஷ்ணராஜ் கேட்டையும் அதற்கு மேலே ஏறிப்போகும் கட்டடங்களையும் மறுபடி பார்த்தார். "இதையாய்யா ஆஸ்பத்திரின்னு சொன்ன?" என்றார் மெதுவாக.

இராக்கம்மா தலைவரை நன்றாக வைதுவிட்டு, போத்தலை யசோதினியின் கையில் திணித்தாள். காலையிலிருந்து கண் கலங்காத பெண், இராக்கம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அத்தை, எம் மக இங்கதான் படிக்கப் போறான்னு அப்பாவ இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க" என்றாள்.