அனுசுயா போட்ட தேதி

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் திருத்தணியில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. 2008-லும் அப்படித்தான். பஸ் நிலையத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும் காவடிக்காரர்கள். வரதராஜனின் ஸ்டூடியோவில் கவுண்டருக்கு உள்ளே அனுசுயா ஒருத்தி, வெளியே இருபது முப்பது பேர். பாதிப் பேர் போட்டோவுக்கு வந்தவர்கள். மீதிப் பேர் செல்போன் மெமரி கார்டில் முருகன் பாட்டு ஏற்றிக்கொள்ள வந்தவர்கள்.

அந்த நெரிசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையை நீட்டி, மருந்துச் சீட்டில் மடித்து வைத்திருந்த கார்டைக் கொடுத்தாள். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதன் ஓரங்களில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது.

"பாட்டா?" என்று கேட்டாள் அனுசுயா.

"ஆங், என் புள்ள..." என்று அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வாசலில் பம்பை அடித்தார்கள். மீதி காதில் விழவில்லை.

பாட்டுக்கு வரும் கார்டை முதலில் ஃபார்மட் செய்து துடைத்துவிட வேண்டும் என்பது வரதராஜனின் உத்தரவு. யாருடைய கார்டிலிருந்தோ வைரஸ் ஏறிக் கடைக் கம்ப்யூட்டர் இரண்டு முறை படுத்திருந்தது. ஆனால் துடைப்பதற்கு முன்னால் "உள்ளே போட்டோ ஏதாவது இருக்குதா?" என்று கேட்பது அனுசுயாவின் வழக்கம். அன்று கேட்கவில்லை. பொடியை ஊதிவிட்டுக் கார்டைச் செருகினாள். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அழுத்தினாள். பத்து வினாடிகூட ஆகவில்லை. பிறகு பாட்டுகளை வரிசையாக ஏற்றத் தொடங்கினாள்.

கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் மறுபடியும் முன்னால் வந்தாள்.

"என் புள்ள போட்டோ வந்துச்சா பாப்பா? பெருசா போடணும். செத்து நாப்பது நாளாவுது. ஊட்ல அவன் படம் ஒண்ணுகூட இல்ல."

அனுசுயாவின் கை தானாகப் போய்ப் பாட்டு ஏறுவதை நிறுத்தியது. எழுபத்தொரு பாட்டு ஏறியிருந்தது.

"கார்டு கொஞ்சம் ரிப்பேரா இருக்குது பெரிம்மா," என்றாள். "கிருத்திகை முடியட்டும். செவ்வாய்க்கிழமை வாங்க."

அந்தப் பெண் சரி என்று போய்விட்டாள். அவள் பெயர் எல்லம்மாள் என்பதும், அரக்கோணம் சாலைப் பக்கத்து ஊர் ஒன்றில் நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறவள் என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

அனுசுயாவுக்கும் நாற்றங்கால் தெரியும். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம். பன்னிரண்டாவது முடித்ததும் அவளுடைய அப்பா ஆட்டை விற்று டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார். பாதியில் அந்த வகுப்பே கம்ப்யூட்டர் வகுப்பாக மாறியது. கல்யாணம் ஆன இரண்டாம் வருடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் நெல்லூர்ப் பக்கம் போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு எட்டு வருடமாக இந்தக் கடைதான் சோறு. கல்யாண ஆல்பத்தில் கண் மூடியவர்களுக்குக் கண் திறந்து வைப்பாள். செத்தவர்களின் பழைய ரேஷன் கார்டு படத்தை எடுத்துச் சட்டை மாட்டிப் பெரிதாக்குவாள். அவள் கை பட்டால் சொதப்பாது என்று ஊரில் பெயர் இருந்தது. அதனால்தான் அந்தப் பொய் அவளை அப்படி அரித்தது.

செவ்வாய்க்கிழமை எல்லம்மாள் வந்ததும் உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"பெரிம்மா, கார்டு ரிப்பேர் இல்ல. பாட்டுக்குன்னு நெனச்சி நான்தான் அழிச்சிட்டேன்."

எல்லம்மாள் அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று அனுசுயா காத்திருந்தாள்.

"அழிச்சா போயே போயிடுமா?"

"முழுசா போவாது. வூட்டு வாசல்ல நம்பர அழிச்ச மாதிரி. உள்ள ஆளு இருப்பாங்க. ஆனா நான் மேல பாட்டு ஏத்திட்டேன். அந்தப் பாட்டு எவ்ளோ எடத்தப் புடிச்சிகினு இருக்குதோ, அவ்ளோ போனதுதான்."

"சரி, இருக்கறத எடுத்துக் குடு."

அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருள் ஒன்றைச் சென்னைக்குப் போயிருந்த வரதராஜன் சி.டி.யில் வாங்கிவந்தார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் கடையின் பெயர் கெடக்கூடாது என்பது அவர் கவலை. மறுநாள் காலை பத்து மணிக்குத் தேட விட்டாள். கார்டில் இனி ஒரு எழுத்துகூடப் பதியக்கூடாது என்பதால் கிடைப்பதை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே சேர்த்தாள். மதியம் வரைக்கும் பச்சைக்கோடு நகர்ந்துகொண்டிருந்தது. வந்தவை எதற்கும் பெயர் இல்லை. எடுத்த தேதி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மட்டும். பல படங்கள் திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் மேல்பாதி படமாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டையாகவும் இருந்தன.

எல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆட்டுக்குட்டி. ஒரு மோட்டார் சைக்கிள். யாரோ ஒரு பெண்ணின் பின்னல். கடைசியில் ஒரு படத்தில் அவள் மகன் அரசு வந்தான். இருபத்திரண்டு வயது. சுருட்டை முடி, நெற்றி, புருவம், இரண்டு கண்கள், பாதி மூக்கு. அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

எல்லம்மாள் திரையின் மேல் விரலை வைத்தாள்.

"வாய் எங்கம்மா?"

செத்த எத்தனையோ பேருக்கு அனுசுயா சட்டை மாட்டியிருக்கிறாள். இந்தப் பையனுக்கு ஒரு வாயை வரைந்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அதற்கு அடுத்த எண்களில் இருந்தவை வேறு மாதிரியான படங்கள். நாலைந்து படங்களில் ஒரே இயந்திரம், பக்கத்திலிருந்து எடுத்தது. ரப்பர் பெல்ட், அதன் முனையில் சுழலும் இரும்பு உருளை, சுற்றிலும் கல் பொடி. இவை மட்டும் சேதமில்லாமல் முழுசாக வந்திருந்தன.

"இது இன்னா பெரிம்மா?"

"இதான் அவன முழுங்குன மிஷினு," என்றாள் எல்லம்மாள்.

அரசு ஜல்லி உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தான். ஆனி மாதம் ஒரு காலையில் பெல்ட்டில் சிக்கிய கல்லை எடுக்கப் போனவனின் கையை உருளை இழுத்துக்கொண்டது. கை மட்டும் போகவில்லை. முதலாளி தரப்பில் எழுதிக் கொடுத்த காகிதத்தில், உருளைக்கு மேல் இரும்பு வலை போட்டு மூடித்தான் இருந்தது, குடித்துவிட்டு வேலைக்கு வந்த அரசு அதைக் கழற்றிக் கையை விட்டான் என்று இருந்தது. காவல் நிலையத்திலும் அதையே எழுதிக்கொண்டார்கள். உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் சாராயம் இருந்தது என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை.

"என் புள்ள கள்ளுகூடத் தொட்டதில்ல. அவங்க அப்பன் குடிச்சே செத்தான். அத்தப் பாத்து வளந்தவன். ஊர்ல இப்ப அப்பனுக்கேத்த புள்ளன்றாங்க."

படத்தில் உருளை திறந்துகிடந்தது. வலை மாட்டும் ஆணித் துளைகளில் துரு ஏறி, சிலந்தி நூல்கூடப் பின்னியிருந்தது. என்றைக்கோ கழன்றுபோன வலை.

அரசுவுடன் வேலை செய்த கங்காதரனை எல்லம்மாள் கடைக்கு அழைத்துவந்தாள். அவன் படங்களைப் பார்த்துவிட்டு வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"மே மாசம் பதினாறாந் தேதி எடுத்தான். அன்னிக்கி எனுக்கு விரல்ல அடிபட்டுது, அதான் நாள் ஞாபகம் இருக்குது. மேனேஜர் பாத்துட்டு அவர் கண்ணு முன்னாடியே அழிக்க வெச்சாரு. எப்டிங்க இது மறுபடி வந்துச்சி?"

அனுசுயா கார்டைத் துடைக்காமல் இருந்திருந்தால் அரசுவின் முகம் முழுசாகக் கிடைத்திருக்கும். இந்தப் படங்கள் அதற்குள் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. யாரோ இந்தக் கணக்கைப் போட்டு அவள் கையைப் பிடித்து அழுத்தவைத்ததுபோல அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்புதான் பிறகு அவளைக் கெடுத்தது.

"நீங்க வந்து சொல்லணும் கங்காதரன்."

"எனுக்கு ரெண்டு கொயந்திங்க இருக்குதுங்க," என்றான் அவன். அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை.

மனுவை அனுசுயாவே எழுதினாள். எல்லம்மாள் அதில் நஷ்ட ஈட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதச் சொல்லவில்லை. குடித்திருந்தான் என்ற வார்த்தையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். தொழிலாளர் அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். படங்களை சி.டி.யில் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். எந்தத் தேதியில் எடுத்தது என்பதுதான் முக்கியம் என்று அங்கே இருந்த எழுத்தர் சொன்னார்.

தேதியில்தான் சிக்கல் இருந்தது. மீட்ட படக் கோப்புகளின் மேல், பெயருக்குப் பக்கத்தில், மீட்ட நாள்தான் இருந்தது. படத்துக்கு உள்ளே செல்போன் பதித்த தேதியைத் திறந்து பார்த்தாள். 2004 ஜனவரி ஒன்று என்றது. எல்லம்மாளிடம் இருந்த செல்போனை வாங்கிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. பழைய போன். ஆடுகிற பேட்டரிக்கு அரசு காகிதம் மடித்து முட்டுக் கொடுத்திருந்தான். பேட்டரி கழன்று மறுபடி மாட்டும்போதெல்லாம் கடிகாரம் முதல் நாளுக்குப் போய்விடும்.

அனுசுயா ஒரு வாரம் யோசித்தாள். மே பதினாறு என்பது உண்மை. கங்காதரன் வாயால் சொன்னது. உண்மையான தேதியைப் போடுவது பொய்யாகுமா? ஒரு மதியம் வரதராஜன் சாப்பிடப் போயிருந்தபோது கம்ப்யூட்டரின் நாட்காட்டியை மே பதினாறுக்குத் திருப்பினாள். போட்டோவைத் திருத்தும் மென்பொருளில் ஐந்து படங்களையும் திறந்து, எதையும் தொடாமல் மறுபடி சேமித்தாள். இப்போது படங்களின் மேல் மே பதினாறு என்று இருந்தது. சி.டி.யில் ஏற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை, எல்லம்மாளிடமும்கூட.

கார்த்திகையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேசை, அதிகாரி, எதிரில் கிரஷர் தரப்பு வக்கீல், அவருடன் மடிக்கணினி வைத்திருந்த ஓர் ஆள். எல்லம்மாள் வெளுத்த புடவையில் சுவரோரமாக நின்றாள்.

வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"இந்தக் கார்டு இறந்தவருடையது. அதை அழிச்சது யாரும்மா?"

"நான்தாங்க. தெரியாம."

"அதுலேர்ந்து படத்த எடுத்ததும்?"

"நான்தாங்க."

"எடுத்த படத்துல ஏதாவது மாத்தினீங்களா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். பின்னாளில் ஆயிரம் முறை அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அன்று "இல்லைங்க" என்றாள்.

மடிக்கணினிக்காரர் திரையை அதிகாரியின் பக்கம் திருப்பினார். படத்தின் மேல் மே 2008. உள்ளே 2004 ஜனவரி. அதற்குக் கீழே, கடைசியாக இதைச் சேமித்த மென்பொருளின் பெயர். கல்யாண ஆல்பத்தில் கண் திறந்து வைக்கும் அதே மென்பொருள்.

"ரெண்டுல எது நிஜம்மா?" என்று கேட்டார் வக்கீல்.

அனுசுயா எல்லாவற்றையும் சொன்னாள். பேட்டரி, காகித முட்டு, கங்காதரன், மேனேஜர், நாட்காட்டி. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் கட்டிச் சொல்வதுபோல அவளுக்கே கேட்டது. கங்காதரன் யார், எங்கே என்று அதிகாரி கேட்டார். வரவில்லை என்றாள். விபத்துக்குப் பிறகு பழுது பார்க்க வலையைக் கழற்றியிருந்த சமயத்தில் யாரோ படம் எடுத்திருக்கலாம், செல்போன் நாற்பது நாளாக அவர்கள் கையில்தானே இருந்தது என்றார் வக்கீல். ஆணித் துளைகளில் இருந்த துருவை அனுசுயா காட்டியதும், தேதியை மாற்றியவர் படத்தையும் மாற்றியிருக்கலாம் என்றார். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். படங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று மார்கழியில் காகிதம் வந்தது. குடித்திருந்தார் என்ற வார்த்தை அதிலும் ஒரு முறை இருந்தது.

அந்தக் காகிதம் வருவதற்கு முன்பே, விசாரணை நாளன்று முடிந்து இறங்கும்போது எல்லம்மாள் படிக்கட்டில் நின்றாள்.

"நீ தேதி போட்டத எங்கிட்ட சொல்லல."

"நல்லதுன்னு நெனச்சிதான் பெரிம்மா..."

"என் புள்ளையும் குடிகாரன்னாங்க, இப்ப அவன் எடுத்த போட்டோவையும் பொய்யின்னிட்டாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "நீ அழிச்சிட்டேன்னு சொன்ன அன்னிக்கி உன்ன நம்புனேன்மா."

திருத்தணி பஸ் வந்தது. எல்லம்மாள் முன்னால் ஏறிக்கொண்டாள், அனுசுயா அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. ஸ்டூடியோவில் போட்டோவை மாற்றிக் கேஸ் ஜோடிக்கிறார்கள் என்றார்கள். வரதராஜன் போகச் சொல்லவில்லை, ஆனால் கார்டுகளைத் தானே வாங்கத் தொடங்கினார். தை பிறந்ததும் அனுசுயா நின்றுகொண்டாள். அரக்கோணத்தில் ஜெராக்ஸ் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே காகிதத்தை வைத்தால் அதே காகிதம் வரும், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கங்காதரனை ஒரு நாள் ரயில் நிலையத்தில் பார்த்தாள். அவன் நழுவப் பார்த்து, முடியாமல் நின்றான். விசாரணைக்கு நோட்டீஸ் வந்த வாரமே எல்லா உருளைக்கும் புது வலை போட்டுவிட்டார்கள் என்று சொன்னான்.

"இப்ப யாருக்கும் ஒண்ணும் ஆவலீங்க," என்றான் தரையைப் பார்த்தபடி. "அரசு அம்மாகிட்ட போய்ச் சொல்ல எனுக்கு மூஞ்சி இல்ல. நீங்க சொல்றீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அனுசுயா போனாள். எல்லம்மாள் வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அனுசுயா பக்கத்தில் உட்கார்ந்து வலையைப் பற்றிச் சொன்னாள். எல்லம்மாள் கை நிற்கவில்லை. கையிலிருந்த செடியை முடித்துவிட்டு, "எத்தன உருளைக்கி?" என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும்னு சொன்னான்."

பறிக்காத செடி ஒரு கட்டு இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதில் பாதியை எல்லம்மாள் அனுசுயாவின் பக்கம் தள்ளிவிட்டாள். வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் காய் பறித்தார்கள்.