இரண்டு நாற்பதுக்கு விடுதலையானவன்

இது நடந்தது. எனக்கே நடந்தது. வக்கீல்கள் முன்னால் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்து ஒருமுறை சொல்லியும் விட்டேன். அங்கே ஒருவரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. கேளுங்கள், போதும்.

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று யாரோ உங்களிடம் சொல்லி வைத்திருப்பார்கள். எனக்கு வந்தது ஜூலை மாதத்தில், பட்டப்பகலில், தார் ரோடு உருகும் வெயிலில். அதுவும் நானே கார் கதவைத் திறந்துவிட்டு உட்கார வைத்தேன்.

எங்கள் ஊரில் காலையில் காபியோடு செய்தித்தாள் படிக்கும் பழக்கம் போய்ப் பல வருடமாகிறது. இப்போது சிறைப் பட்டியல்தான் பார்க்கிறோம். முந்தின நாள் யார் யாரைப் பிடித்தார்கள் என்று கவுண்டி சிறைக்காரர்கள் (அமெரிக்காவில் மாவட்டத்துக்குக் கவுண்டி என்று பேர்) இணையத்தில் போட்டுவிடுவார்கள். முகம், உயரம், எடை, குற்றம், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீடு வாடகைக்கு விடுகிறவன் பார்ப்பான், வேலைக்கு ஆள் எடுக்கிறவன் பார்ப்பான். எதிர்வீட்டு ஓப்பல் அத்தை சும்மா பொழுது போகாமல் பார்ப்பாள். பைபிளைக்கூட அவள் அவ்வளவு ஒழுங்காகத் திறந்ததில்லை.

என் தம்பி டெரல் டயர் கடையில் வேலை பார்த்தான். முப்பத்தோரு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். ஒருநாள் தவறினால் வாந்தி, இரண்டு நாள் தவறினால் உயிருக்கே ஆபத்து. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையை விட்டுக் கிளம்பியவன் வீட்டுக்கு வரவில்லை. போன் அணைந்திருந்தது. இன்சுலின் சமையலறையில், குளிர்பெட்டியில், முட்டைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. புதன்கிழமை முழுக்கத் தேடினேன். நகரக் காவல் நிலையத்துக்குப் போனால், "இங்க இல்லம்மா, லிஸ்ட்ல பாருங்க" என்றார்கள். நகர லாக்கப்புக்கு ஒரு பட்டியல், கவுண்டி சிறைக்கு ஒரு பட்டியல். இரண்டிலும் அவன் பெயரைத் தட்டினேன். யாரும் இல்லை என்றே வந்தது. ஆளைப் பிடித்த உடனே கைவிலங்கு மாட்டத் தெரிந்தவர்களுக்கு, பெயரை ஏற்ற ஒன்றரை நாள் ஆகியிருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஓப்பல் அத்தை போன் செய்தாள்.

"லோரெட்டா, காபி குடிச்சியா?"

"சொல்லுங்க அத்தை."

"உன் தம்பி படம் வந்திருக்குடி. மூணாவது வரிசை. சட்டை நல்லாத்தான் போட்டிருக்கான்... ஆனா மூஞ்சி சரியில்ல. நீ ஓடு."

பார்த்தேன். டெரல் ப்ரூயிட். கார் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தியிருக்கிறார்கள். பழைய வழக்கு ஒன்றில் கோர்ட்டுக்கு வராமல் இருந்தானாம். அதற்குப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். படத்தில் அவன் உதடு வெடித்திருந்தது. கண் எங்கோ பார்த்தது. கடைசிக் கட்டத்தில், 'காவலில் உள்ளார்' என்று இருந்தது.

இன்சுலினை ஐஸோடு பையில் போட்டுக்கொண்டு கவுண்டி சிறைக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அதிகாரி சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

"வெளி மருந்து வாங்கக் கூடாதும்மா."

"அவனுக்கு ரெண்டு நாளா ஊசி போடல. செத்துருவான்."

"உள்ளே நர்ஸ் இருக்காங்க. பார்த்துப்பாங்க."

"பார்த்தாங்களான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

அவள் தன் திரையைப் பார்த்தாள். "நல்லா இருக்கார்னு போட்டிருக்கு. உட்காருங்க."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய? மூன்று முறை எழுந்து போய்க் கேட்டேன். மூன்று முறையும் அதே திரை, அதே பதில். மடியில் ஐஸ் உருகிப் பாவாடை நனைந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். காவலில் உள்ளார். காவலில் உள்ளார். காவலில் உள்ளார்.

மதியம் மறுபடி ஒருமுறை விரலை இழுத்தேன். வரி மாறியிருந்தது.

விடுதலை. நேரம் 2.40.

கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே பக்கவாட்டுக் கதவுக்கு ஓடினேன். விடுதலையாகிறவர்கள் அந்த இரும்புக் கதவு வழியாகத்தான் வருவார்கள். காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் எடுத்துத் தரும் கடைகளுக்கு எதிரே, கார் நிறுத்தும் இடத்தில் அது இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதலில் 'ர்ர்ர்' என்று ஒரு மணி, பிறகு 'டணார்' என்று ஒரு சத்தம். தெருமுனை வரை கேட்கும்.

பையில் இன்சுலின் இருக்கிறதா என்று ஒரு நொடி குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தேன்.

டெரல் நின்றுகொண்டிருந்தான்.

மணி அடிக்கவில்லை. கதவுச் சத்தமும் கேட்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஆள் வந்துவிட்டான், அது போதும் என்று இருந்தது.

வெளியே வருகிறவர்கள் தங்கள் சொந்த உடுப்பில், கையில் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவார்கள். பர்ஸ், பெல்ட், போன் எல்லாம் அதில் இருக்கும். டெரலிடம் பை இல்லை. சிறையின் ஆரஞ்சு உடுப்பிலேயே இருந்தான். ஒரு காலில்தான் செருப்பு. இடது காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"அடிச்சாங்களாடா?"

தோளைப் பிடித்தேன். அந்த வெயிலில், குளிர்பெட்டிக்குள் கை விட்டது மாதிரி இருந்தது.

கதவைத் திறந்தேன். உட்கார்ந்தான். நான் ஓடிப்போய் ஓட்டும் பக்கம் ஏறினேன். காருக்குள் ஒரு வாடை. அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. எனக்கு அது தெரியும். சர்க்கரை ஏறி அவன் கெட்டுப் போகும்போதெல்லாம் அவன் மூச்சில் அந்த வாடைதான் வரும்.

"இந்தா, முதல்ல ஊசியப் போடு."

"வேணாம்க்கா."

"டேய், விளையாடாதே."

"வண்டிய எடு."

எடுத்தேன். பாதி ரோடு போன பிறகுதான் ஒன்று தோன்றியது. டெரல் சீட் பெல்ட் போடாத ஜென்மம். அவன் உட்கார்ந்தால் என் பழைய கார் 'டிங்... டிங்... டிங்...' என்று உயிரை வாங்கும். ஒரு பை உருளைக்கிழங்கை அந்த இருக்கையில் வைத்தால்கூடக் கத்தும்.

இப்போது அவன் பெல்ட் போடவில்லை.

கார் கத்தவும் இல்லை.

"வீட்டுக்குப் போவோமாடா?"

"நேரா போ."

அவன் பக்கத்துக் கண்ணாடி உள்ளே வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. வெளியே நூறு டிகிரி. அவன் காலை நகர்த்தினான்.

க்ளிங்...

"என்ன சத்தம் அது?"

"பாலத்துக்கு அப்புறம் இடது."

திரும்பினேன். மறுபடி...

க்ளிங்... க்ளிங்...

குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரோட்டையே பார்த்தேன்.

"எதுக்குடா ஆஸ்பத்திரிப் பக்கம் போகச் சொல்ற?"

"அங்க தனியா இருக்கேன்க்கா."

இருக்கேன் என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தினேன். பின் இருக்கையிலிருந்து என் கைப்பையை எடுக்கத் திரும்பினேன். ஒரு நொடி...

இருக்கை காலி.

கதவு திறந்த சத்தம் இல்லை. கண்ணாடியில் பனி மட்டும் இருந்தது. அதுவும் மேலிருந்து கீழாக மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். முன்னாலேயே போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேசையில் இருந்த பெண்ணிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். "என் தம்பி டெரல் ப்ரூயிட். ரெண்டு நாற்பதுக்கு ஜெயில்ல விட்டாங்க. நான்தான் கார்ல கூட்டிட்டு வந்தேன். இப்பதான் உள்ள நடந்து வந்தான்."

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டினாள். எங்கிருந்து, எத்தனை மணிக்கு, யார் அழைத்து வந்தது. ஒரு தாளை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான், "அந்தப் பேர்ல இங்க யாரும் வரலையேம்மா" என்றாள்.

அந்த நேரத்தில் உள்கதவு திறந்தது. சிறைக் காவலர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தான். இன்னொருவன் கையில் ஒரு கால்சங்கிலியைச் சுருட்டிப் பிடித்திருந்தான். நடக்க நடக்க...

க்ளிங்... க்ளிங்... க்ளிங்...

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மரிசெல் என்ற நர்ஸ்தான் என்னைத் தூக்கி உள்ளே கூட்டிப் போனாள். திரைக்குப் பின்னால் டெரல் படுத்திருந்தான். ஆரஞ்சு உடுப்பு, ஒரு காலில் செருப்பு, இடது கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். 3.05க்கு இறந்ததாக டாக்டர் எழுதியிருந்தார்.

மரிசெல் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ஜெயில் வேன்லதான் கொண்டு வந்தாங்க. அப்ப மணி ஒன்னு அம்பத்தஞ்சு. வந்தப்பவே நாடி இல்லக்கா. சின்ன வயசுன்னு டாக்டர் விடாம பார்த்தார். அதுக்குள்ள ஜெயில்ல விடுதலைன்னு எழுதிட்டாங்க, சாவு அவங்க கணக்குல வராம இருக்க. கைதின்னா இங்க பேர் போட மாட்டாங்க, வீட்டுக்கும் சொல்ல மாட்டாங்க. நீங்க எப்படி இங்க வந்தீங்க?"

நான் எப்படி வந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிய பழ வாடை அங்கேயும் இருந்தது.

அவன் எனக்காகத்தான் வந்தான். பெயர்கூட இல்லாமல் திரைக்குப் பின்னால் கிடக்கிறேன், அக்கா வந்து பார்க்கட்டும் என்று வந்தான். அந்த அன்பை அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

கவுண்டி மேல் வழக்குப் போட்டேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கையில் இருக்கும்போதுதான் செத்தான், மருந்து கொடுக்காமல் விட்டோம் என்று அவர்கள் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அடுத்த வசந்தத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கவுண்டி வக்கீல் நல்ல மனிதர் மாதிரிப் பேசினார். மேசை மேல் ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை வைத்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா."

"உங்க தம்பி ரெண்டு நாற்பதுக்கு வெளியே வந்ததைக் கண்ணால பார்த்தீங்க?"

"பார்த்தேன்."

"தன் காலால நடந்து வந்தார்?"

"நடந்து வந்தான்."

"கார்ல மருந்து கொடுத்தீங்க. வேண்டாம்னார்."

"ஆமா. ஆனா அப்ப அவன் செத்துப் போயிருந்தான்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வக்கீல் ஃபைலை மூடினார்.

"கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா."

வழக்கு தோற்க அதிக நாள் ஆகவில்லை. கோர்ட்டில் கவுண்டி வக்கீல் சொன்னது சுருக்கமானதுதான். இந்தப் பெண் சொல்வது உண்மையென்றால், கைதி எங்கள் வாசலை விட்டு உயிரோடு, நடந்து போயிருக்கிறான். அக்கா காரில் மருந்து இருந்தும் போட்டுக்கொள்ளவில்லை. இவளுக்குப் புத்தி சரியில்லை என்றால், இவள் சொல்வது எதையுமே ஏற்க வேண்டியதில்லை. மரிசெலைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று தேடினோம். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். ஒன்று ஐம்பத்தைந்துக்கு வந்த ஆளுக்கு ஆஸ்பத்திரியில் பெயரே இல்லை. டெரல் ப்ரூயிட் என்ற பெயரில் அங்கே இருந்த முதல் வரி, நான் சொல்ல அந்தப் பெண் தட்டியதுதான்.

நம்ப வேண்டாம். நீங்களே போய்ப் பாருங்கள். எல்லோரும் பார்க்கத்தானே போட்டு வைத்திருக்கிறார்கள். பெயரைத் தட்டினால் இன்றும் வருகிறது. வெடித்த உதடு, எங்கோ பார்க்கும் கண், விடுதலை 2.40. அந்த வருடம் சிறையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கவுண்டி மாநிலத்துக்கு அனுப்பிய கணக்கும் அங்கேயே இருக்கிறது. பூஜ்யம்.

டெரல் உயிரோடு வெளியே வந்தான் என்பதற்கு அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சி. நான்தான் அது.